எல்மைரா: திருவிழாவுக்கு ஒரு தேதி, சாற்றுக்கு ஒரு தேதி

டொரன்டோவிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். வாட்டர்லூ நகரின் பல்கலைக்கழகக் கட்டடங்களைத் தாண்டி வடக்கே போனால் சாலையோரத்தில் குதிரைச் சாணம் தென்படும். எல்மைரா நெருங்கிவிட்டது என்று பொருள். கார் வைத்துக்கொள்ளாத பழைய நெறி மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் கறுப்புக் குதிரை வண்டியில்தான் கடைக்கு வருகின்றன.

1784-ல் பிரிட்டிஷ் அரசு கிராண்ட் நதியின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு ஹோடனசோனி என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்குள் அடங்கியது இந்தப் பகுதி. பிறகு அது துண்டு துண்டாகக் கைமாறியது. பென்சில்வேனியாவிலிருந்து மெனோனைட் விவசாயிகள் வந்து காடு திருத்தினார்கள். ஆனால் மேப்பிள் மரத்தைக் கீறிச் சாறெடுத்துக் காய்ச்சும் வித்தை அவர்கள் கொண்டுவந்ததல்ல. இந்த மண்ணின் பூர்வகுடிகள் அதற்கு வெகுகாலம் முன்பே சர்க்கரை காய்ச்சினவர்கள்.

ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1965-ல் தொடங்கிய மேப்பிள் பாகுத் திருவிழா. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதலிலோ ஒரு சனிக்கிழமை ஆர்தர் வீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடை போடுவார்கள். பேன்கேக், ஆப்பிள் வடை மாதிரி ஒரு பலகாரம், பனியில் ஊற்றிக் குச்சியில் சுருட்டும் மேப்பிள் மிட்டாய். 2000-ம் ஆண்டில் ஒரே நாளில் 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கின்னஸ் பதிவு. வேலை செய்கிறவர்கள் தொண்டர்கள்; மிஞ்சும் பணம் உள்ளூர் நற்பணிகளுக்கு. நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பல மாதம் முன்பே குறித்துவிடுகிறார்கள். மரம் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. இந்த வட்டாரத்தில் புதிதாகப் பாகு காய்ச்ச இறங்குகிறவர் முதல் பருவத்தில் படிக்கிற பாடம் அதுதான்.

சாறு ஓட, இரவில் உறைபனியும் பகலில் உருகுவெயிலும் மாறி மாறி வேண்டும். இரவில் மரத்துக்குள் இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்க, மரம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது; பகலில் அழுத்தம் ஏறி, துளை வழியே தள்ளுகிறது. நாள் முழுக்கக் குளிர்ந்தாலும் சொட்டாது, இரவும் பகலும் வெதுவெதுத்தாலும் சொட்டாது. சில வருடம் பிப்ரவரியிலேயே ஓடத் தொடங்கிவிடும். திருவிழாவைப் பார்த்து ஆசைப்பட்டு, அடுத்த திங்கட்கிழமை வாளி வாங்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் அந்தப் பருவத்தின் வால்தான் மிஞ்சும். மொட்டு பருத்துவிட்டால் சாற்றின் ருசியே கெட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சொட்டினாலும் பயனில்லை.

மரத்தை அடையாளம் காண்பதும் மார்ச் மாத வேலையல்ல. இலையில்லாத காலத்தில் எல்லா மரமும் ஒன்றாகத் தெரியும். கோடையிலேயே பார்த்துத் துணி கட்டி வைக்க வேண்டும். நகரத் தெருக்களில் நிற்பதில் நிறைய நார்வே மேப்பிள். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் கசியும். பாகுக்கு ஏற்ற சர்க்கரை மேப்பிளில் கசியாது. அடிமரம் குறுக்கே 25 சென்டிமீட்டராவது இருந்தால் ஒரு துளை போடலாம். அந்தப் பருமன் வருவதற்கு ஏறத்தாழ 40 வருடம் ஆகும் என்பதை நினைத்துக்கொண்டால் துரப்பணத்தைப் பிடிக்கும் கை தானாக நிதானப்படும்.

துளையில் வருவது தண்ணீர் போன்றது. இனிப்பு 2 சதவீதத்தை ஒட்டித்தான். பாகில் அது 66 சதவீதம் இருக்க வேண்டும். கணக்கு எளிது: 86-ஐ இனிப்புச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு என்று கிடைக்கும். 2 என்றால் 43. மீதி 42 லிட்டரும் ஆவியாகப் போயாக வேண்டும். எங்கே போகும்? வாட்டர்லூவை ஒட்டிய கிச்சனர் நகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் எனக்குச் சொன்னது: “உள்ளுக்க மட்டும் காய்ச்சாதையுங்கோ தம்பி, சுவரில பெயின்ட் எல்லாம் உரிஞ்சு வந்திடும்.” அவர் இப்போது வீட்டுப் பின்வளவில் செங்கல் அடுக்கி, அகலத் தட்டத்தில் விறகு வைத்துக் காய்ச்சுகிறார். பதநீரைப் போலத்தான் இதுவும்: இறக்கிய கையோடு காய்ச்சாவிட்டால் கெட்டுப்போகும். வெயில் ஏறும் பருவக் கடைசியில் ஒரு நாள் தாமதமே அதிகம்.

பதம் பார்க்க வெப்பமானி வேண்டும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 டிகிரி கூடினால் பாகு. அந்தத் தண்ணீரின் கொதிநிலையும் காற்றழுத்தத்தோடு நகரும் என்பதால் அன்றன்றைக்கு முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் அடுப்பை விட்டு ஒரு நிமிடம் நகரக்கூடாது. பொங்கினால் துளி வெண்ணெய் போட்டால் அடங்கும், அடிப்பிடித்துக்கொண்டால் தட்டமே போச்சு. அடியில் சேரும் மணல் போன்ற கசடைச் சூட்டோடு சூடாகக் கம்பளித் துணியில் வடிகட்டுவார்கள். பருவத்தின் தொடக்கத்தில் வெளிர்ந்த பொன்னிறம், போகப்போகக் கறுக்கும். சந்தையில் மவுசு வெளிர்நிறத்துக்கு. எனக்கு ருசி கறுப்பில்தான்.

எல்மைராவைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஊருக்குள்ளேயே இருந்த ரசாயன ஆலையில் 1960-களில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லி தயாரானது. 1989-ல் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் என்டிஎம்ஏ என்ற நச்சு கண்டுபிடிக்கப்பட்டுக் கிணறுகள் மூடப்பட்டன. அதன் பிறகு குடிநீர் வாட்டர்லூவிலிருந்து குழாயில் வருகிறது. நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்தும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. திருவிழா நாளில் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

போகிறவர்களுக்கு: கூட்டமும் பேன்கேக்கும் வேண்டுமென்றால் அந்தச் சனிக்கிழமை, அதுவும் விடிந்தவுடன். காய்ச்சுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச்சில், இரவு உறைந்து பகலில் கூரைப்பனி ஒழுகும் வாரநாள் ஒன்றில் பண்ணைப் பக்கம் போங்கள். மரங்களுக்கு நடுவே கொட்டகைக் கூரையில் வெண்ணிற ஆவி கிளம்பும் இடம்தான் காய்ச்சுமிடம். பாகை அங்கேயே வாங்கலாம், கையில் சில்லறைப் பணம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று விற்பனை இல்லையென்று பண்ணை வாசல்களில் பலகையே வைத்திருக்கிறார்கள்.