ராகு காலம் முடியட்டும்

பையன் வந்து சேர்ந்தபோது மணி 11.50. புதன்கிழமை. அண்ணாச்சி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். ராகு காலம் 12 முதல் 1.30 வரை.

“அஞ்சு பத்து நிமிஷத்துல முடியுற வேலையா தம்பி?”

“மூணு சிஸ்டம் அண்ணாச்சி. சாயங்காலம் ஆயிரும்.”

“அப்ப ஒன்றரை ஆகட்டும். டீ சாப்பிடு.”

“டவுன்லோடு மட்டும் பண்ணி வச்சுக்கிறட்டுமா?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “அதப் பண்ணு. போடுறத மட்டும் அப்புறம் வச்சுக்க.”

சிவகாசியில் தினசரி காலண்டருக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சின்னக் கடை அது. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் போட்டு, ஆர்டர் வரத் தொடங்கி, ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு அங்கே ஒரு மூலையும் பிளாஸ்டிக் நாற்காலியும் உண்டு. 365 தாள். ஒவ்வொன்றிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சந்திராஷ்டமம். பிழை பார்ப்பது என் வேலை. பேசுவதற்குக் கூலி கிடையாது என்பதால் பேசுவதில்லை.

பையனை வரவழைத்த காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் ஹார்டுடிஸ்க் படுத்துவிட்டது. மார்ச் வரைக்கும் முடித்திருந்த தாள்களை மறுபடி முதலிலிருந்து அடித்தார்களாம். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ராத்திரித் தூக்கம் சரியில்லை.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். வாசல் பக்கம் அக்காவின் விண்டோஸ், பேஜ்மேக்கர் அதில்தான். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். இந்தக் கடையில் அதற்கு இன்னும் பணி ஓய்வு கிடைக்கவில்லை. கண்ணாடி அறைக்குள், ஏசிக்கு நேர் கீழே, டிசைனரின் ஐமேக். பின்கட்டில் பேப்பர் பண்டல்களுக்கு நடுவே உபுண்டு போட்ட ஒரு பழைய டவர்; பில்லும் கணக்கும் அதில். எல்லாரும் எதையாவது கொண்டுவந்து போட்டுவைக்கும் பரணும் அதுதான்.

1.31-க்குப் பையன் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான். போட வந்தது டுப்ளிகாட்டி என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பூட்டுப் போட்டுச் சேமிக்கும், முதல் தடவை முழுதாக எடுத்துவிட்டு அப்புறம் மாறியதை மட்டும் எடுக்கும் என்று டீ குடிக்கும்போதே அண்ணாச்சிக்குப் பாடம் நடத்திவிட்டான். அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: “மாசம் எவ்வளவு?”

விண்டோஸில் ஃபைலை இரண்டு தட்டுத் தட்டியதும் திரை இருண்டு, நடுவில் ஒரு பெட்டி வந்தது. இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்பது கேள்வி. பையன் வாய்திறப்பதற்குள் பின்னால் நின்ற அக்காவின் கை நீண்டு மவுஸை வாங்கி ‘யெஸ்’ போட்டுவிட்டது. என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேருந்தில் சில்லறை வாங்கிக்கொள்வதுபோல அது ஒரு கைப்பழக்கம்.

“பேஜ்மேக்கர மூடணுமா தம்பி? பாதியில நிக்குது.”

“வேண்டாம்க்கா. திறந்திருக்குற ஃபைலையும் எடுக்கும்.” ஷேடோ காப்பி என்று ஏதோ ஒன்றைத் தேடி டிக் செய்தான். அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருக்கிறதோ அதை விண்டோஸே ஒரு நிழல்போல நிறுத்திக் காட்டும். அந்த நிழலிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அட்மின் உரிமையோடு ஓட வேண்டும். அக்கா தலையாட்டிவிட்டு ஜூன் மாதத்து முகூர்த்த நாட்களை அடிக்கப் போய்விட்டார்.

மேக்கில் வேலை இன்னும் சுருக்கம். படத்தை இழுத்துப் பக்கத்துப் படத்தில் போட்டான். “இவ்வளவுதானா?” என்றார் டிசைனர், சற்றுப் பெருமையாக. அவர் தேநீர் குடிப்பதுகூடக் கண்ணாடிக் கோப்பையில்தான். பேக்கப் ஓடியது. முடிந்துவிட்டது. பையன் முகம் மாறியது.

“உங்க டிசைன் எல்லாம் எங்கண்ணே இருக்கு?”

“டெஸ்க்டாப்ல.”

டெஸ்க்டாப்பில் 212 ஜிபி. பேக்கப்பில் 3 ஜிபி சொச்சம். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வரிசை கட்டி நின்றது. கொஞ்சம் முன்னால் ஒரு பெட்டி வந்ததாம், டெஸ்க்டாப் ஃபோல்டரைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று. டிசைனர் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். “எது கேட்டாலும் வேண்டாம்னுதான் போடுவேன்” என்றார். வாசலில் ஒருவர் படிக்காமல் சரி என்கிறார், கண்ணாடி அறையில் ஒருவர் படிக்காமல் வேண்டாம் என்கிறார். பையன் இருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், பிரைவசியில் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் என்ற இடத்தில் டுப்ளிகாட்டிக்கு நேரே பொத்தானைத் தள்ளிவிட்டு மறுபடி ஓடவிட்டான். இப்போது மெதுவாக ஊர்ந்தது. மெதுவாக ஊர்வதைப் பார்த்து ஒருவன் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பின்கட்டுக்கு அண்ணாச்சியே கூட வந்தார். நானும் ப்ரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். கறுப்புத் திரையில் பையன் ஒரு வரி அடித்தான். பாஸ்வேர்டு கேட்டது. அது அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விரலால் அடித்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. புள்ளியில்லை, நட்சத்திரமில்லை.

“கீபோர்டு போச்சா?”

“விழும் அண்ணாச்சி. காட்டாது. அடிங்க.”

“காட்டாம எப்படி அடிக்க?”

மூன்றாம் தடவைதான் ஏற்றுக்கொண்டது. எத்தனை எழுத்து என்பதைக்கூடப் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லக் கூடாது என்பது அதன் ஒழுக்கம். அண்ணாச்சிக்கு அந்த மெஷின்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டதைக் கவனித்தேன்.

நிறுவி முடித்து, எதெது பேக்கப் ஆக வேண்டும் என்று ஃபோல்டர்களைக் குறித்துக்கொண்டே வந்தவன் நின்றான். ‘கோவில் படங்கள்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்கு அடுத்த வரியிலும் ‘கோவில் படங்கள்’. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். முப்பது வருடமாகக் கொம்பையும் காலையும் எண்ணிப் பிழைப்பவன். இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. இடைவெளிகூட ஒன்றுதான்.

பையன் அடுத்த கட்டளை ஒன்றை அடித்து உள்ளே இருக்கும் குறிகளை எடுத்துக் காட்டினான். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி முழுதாக ஒன்று. அல்லது ககரம், கொம்பு, கால் என்று பிரித்து. விண்டோஸில் அக்கா அடித்துப் போட்டது முதல் வகை. மேக்கில் டிசைனர் ஜிப் செய்து அனுப்பியது, மேக்கின் வழக்கப்படி பிரிந்துகொண்டு வந்த இரண்டாம் வகை. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர். பேக்கப்பில் இரண்டும் தனித்தனியாகவே போகும்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “பேஜ்மேக்கர்ல நாங்களும் கொம்பத் தனியா, காலத் தனியாதான அடிக்கோம்” என்றார். மேக் செய்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. எனக்குத்தான் வெகுநேரம் மனசு ஆறவில்லை. கண்ணால் பார்க்க முடியாத பிழைக்கு ப்ரூஃப் ரீடர் என்ன செய்வது?

சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாம் ஓடி முடிந்தது. மூன்று சிஸ்டமும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பின்கட்டு டவரில் மாட்டிய 4 டிபி டிஸ்குக்குத் தானாக அனுப்பும். இன்னொரு டிஸ்க்கில் வாரம் ஒரு முறை பிரதி எடுத்து அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

“இங்கயே ரெண்டு வச்சா என்ன?”

“தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்து போயிரும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி மறு கேள்வி கேட்கவில்லை. தீ என்றால் அந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

கடைசியாகப் பையன் அக்காவிடம் வந்தான். “பொங்கல் தாள் முடிஞ்சிருச்சாக்கா? அத டெலீட் பண்ணுங்க.”

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “ஏன்?”

“திரும்ப வருதான்னு பார்க்கணும். பாக்காம நான் போகமாட்டேன்.”

டிசைனர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். நிச்சயமாக அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அன்று முழுக்க வந்த பெட்டிகளில் அக்கா வாய்விட்டுப் படித்தது அது ஒன்றைத்தான். இரண்டு தடவை படித்தார். பையனைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு அழுத்தினார். ஃபைல் போனது. பையன் ரீஸ்டோருக்குள் போய்த் தேடி எடுத்து, பழைய இடத்தில் வைத்தான். அக்கா திறந்தார். கரும்பும் பானையும், நான் முந்தின நாள் திருத்திய நல்ல நேரமும் அப்படியே இருந்தன. “இருக்கு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பையன் ஒன்று சொன்னான். பேக்கப்புக்குப் போட்டிருக்கும் பூட்டின் பாஸ்வேர்டு தொலைந்தால் அவனாலும் திறக்க முடியாது, அந்த மென்பொருளைச் செய்தவர்களாலும் முடியாது. பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். கைக்கு எட்டியது தினசரி காலண்டர். அன்றைய தாளில், ராகு காலத்துக்குக் கீழே, பன்னிரண்டு எழுத்தையும் நிதானமாக எழுதினார்.

காலையில் கடை திறந்ததும் அக்கா முதலில் செய்வது அந்தத் தாளைக் கிழிப்பதுதான். எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாயைத் திறக்கவில்லை. வழியெல்லாம் உறுத்தியது.

அடுத்த புதன் ப்ரூஃபோடு போனபோது முதலில் சுவரைத்தான் பார்த்தேன். போன வாரத் தாள் இல்லை. பிறகு கல்லாவுக்கு மேலே பார்த்தேன். லட்சுமி படத்தின் கண்ணாடியில், வாசலில் நுழைகிற எவர் கண்ணுக்கும் படும்படி, நான்கு மூலைக்கும் டேப் போட்டு அதை ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.