விழுந்ததற்கு ஒரு புள்ளி

எங்கள் பந்தலூர் மழையை அறிந்த ஊர். ஆடி மாதத்தில் மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. தேயிலைச் சரிவில் மண் வழுக்கும். அட்டை காலைப் பற்றும். ஆனால் பனிக்கட்டியை இவ்வூர் அறியாது. உதகைப் புல்வெளிகள் தை மாதத்து அதிகாலையில் வெண்மையாய் உறைந்திருப்பதைப் பேருந்தேறிப் போய்ப் பார்த்திருக்கிறோம், அவ்வளவே. இத்தகைய ஊரில் வாழும் எனக்குப் பனித்தரையில் ஆடும் ஒரு போட்டி பாடம் புகட்டியது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

2023ஆம் ஆண்டு. கோவையில் பட்டப்படிப்புப் பயின்றுவந்த என் மகள் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்று தாள்களில் அவள் தேறவில்லை என்ற செய்தியும் உடன் வந்தது. முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் நான். பிறர் பிள்ளைகள் தவறியபோது பொறுமை காத்த என் நாக்கு, என் பிள்ளை தவறியபோது காக்கவில்லை.

"உன் அப்பாயியின் கூடை இன்னும் பின்கட்டில்தான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போ!" என்றேன். அவள் அழவில்லை, மறுமொழியும் சொல்லவில்லை. ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சற்றுப் போயிற்று.

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு ஒரு சாக்குத் தேடி, "என்னம்மா பார்க்கிறாய்?" என்றேன். அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டுகளின் பதிவு என்றாள். 1960இல் பிரான்சின் சமோனி நகரில் தொடங்கிய போட்டிகள் இவை. ஆடுவோர் கல்லூரி மாணவர்கள். அவள் பார்த்தது 'ஃபிகர் ஸ்கேட்டிங்' என்னும் சறுக்கு நடனம். காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகு அலகின்மேல் நின்று, இசைக்கேற்பச் சறுக்கி, துள்ளி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

நான் பார்த்த நேரத்தில் ஒரு மாணவி கால் தவறி விழுந்தாள்.

"போயிற்று!" என்றேன்.

"இல்லை அப்பா, பாருங்கள்."

இசை நிற்கவில்லை. அந்தப் பெண் எழுந்தாள். கைகளை விரித்து அடுத்த துள்ளலுக்கு விரைந்தாள். ஆட்டம் ஏறக்குறைய நான்கு நிமிடம். விழுந்து கிடந்தது இரண்டு நொடி.

"விழுந்ததற்கு என்ன தண்டனை?"

"ஒரு புள்ளி குறைப்பார்கள். அந்தத் துள்ளலின் தரத்துக்கும் மதிப்புக் குறையும். ஆனால் காற்றில் முழுதாகச் சுழன்றிருந்தால் அதற்குரிய அடிப்படை மதிப்பு உண்டு. மற்றத் துள்ளல்களைத் தனித்தனியே மதிப்பிடுவார்கள்."

பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மாய் மிஹாராவைப் பற்றியும் சொன்னாள். 2015இல், பதினாறு வயதில், அவருக்கு மூட்டழற்சி நோய் இருப்பது தெரிந்தது. அதைக் கடந்து வந்து 2019இல் ரஷ்யாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரில் இதே பல்கலைக்கழகத் தங்கத்தை வென்றார். அடுத்த பருவம் முழுவதும் உடல்நலக் குறைவால் களமிறங்கவில்லை. 2021ஆம் ஆண்டுப் போட்டிகளோ கொள்ளைநோயால் நடைபெறவே இல்லை. 2023இல் மீண்டும் அதே தங்கம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து என்னைக் கையில் பிடித்துக்கொண்டு இம்மலைக்கு வந்த என் தாயார் நினைவில் நின்றார். ஒரு மழைநாளில் நிறைந்த கூடையோடு அவர் சரிவில் வழுக்கி விழுந்ததைச் சிறுவனாயிருந்தபோது கண்டேன். எழுந்தார், சிதறிய கொழுந்தைக் கூட்டி அள்ளினார், நிறுக்கும் இடத்துக்கு நடந்தார். தராசு கொழுந்தைத்தான் நிறுத்தது. விழுந்த கதையைக் கேட்கவில்லை. எந்தக் கூடையின் கூலியில் நான் ஆசிரியன் ஆனேனோ, அந்தக் கூடையையே வசைச்சொல்லாக்கி என் மகள்மீது வீசியிருக்கிறேன்! ஒரே சொல்லில் இருவரை இழிவுபடுத்தினேன்.

மறுநாள் காலை மகளை அழைத்து அந்த மழைநாளைச் சொன்னேன். "நான் பேசியது தவறு, அம்மா" என்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவள் மெல்லச் சொன்னாள்: "மூன்று தாளில் தவறினேன் அப்பா. மற்றத் தாள்களில் தேறியதை நீங்கள் கேட்கவே இல்லையே!"

ஆம், கேட்கவில்லை. பனித்தரை நடுவர்கள் ஒரு புள்ளி குறைக்கும் இடத்தில் நான் முழு ஆட்டத்தையும் அழித்துவிட்டேன்.

தவறிய தாள்களில் இரண்டை அவ்வாண்டிலும் மற்றொன்றை அடுத்த ஆண்டிலும் எழுதித் தேறினாள். இப்போது கோவையில் பணியாற்றுகிறாள். 2025 பிப்ரவரியில் ஓர் இரவு அவளிடமிருந்து தொலைபேசி. அமெரிக்காவில் பிறந்து, 2019இல் இந்தியக் குடியுரிமை பெற்ற தாரா பிரசாத், சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் இந்தியாவுக்காகச் சறுக்கி நடனமாடியிருக்கிறார். "எட்டாவது இடம் அப்பா!" என்று குதூகலித்தாள்.

எட்டாம் இடத்துக்கு இத்தனை மகிழ்ச்சியா என்று முன்பென்றால் கேட்டிருப்பேன். "எப்படி ஆடினார், சொல்லம்மா" என்றேன். நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.