துடைக்கக் கூடாதவை

திருகோணமலையில் எங்களைப் போன்ற ரைப்செற்றிங் கடைகளுக்குக் கையெழுத்துப் பிரதியோடு வந்து "அடிச்சுத் தாங்க" என்று கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். இப்போது வருகிறவர்களிடம் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. ஏதோ ஓர் இணையத்தளத்தில் எடுத்து, வேர்டில் ஒட்டி, பென்டிரைவிலோ வட்ஸ்அப்பிலோ கொண்டுவருகிறார்கள். பந்திக்குப் பின்னால் சாம்பல் நிறம், சொற்களுக்குக் கீழே நீலக் கோடு, ஒரு பந்தி பெரிய எழுத்தில், அடுத்தது பொடி எழுத்தில், தாளின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடும் ஓர் அட்டவணை. "தம்பி, இதை ஒருக்கா நேராக்கித் தாங்க." இன்றைய வேலையில் பெரும்பகுதி இதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு யாருடைய கவனக்குறைவும் காரணமில்லை. பிரவுசரில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து கொப்பி கொடுக்கும்போது, கணினி அதை ஒரே வடிவில் எடுத்துவைப்பதில்லை. வெறும் எழுத்தாக ஒரு பிரதி, நிறமும் எழுத்துருவும் இணைப்பும் சேர்ந்த எச்.ரி.எம்.எல். வடிவில் இன்னொரு பிரதி என்று குறைந்தது இரண்டைச் சேர்த்து வைக்கிறது. நாம் வேறு சொல்லாதவரை வேர்ட் இரண்டாவதையே விரும்பி எடுக்கும். கைபேசித் திரைக்காக யாரோ போட்ட அளவுகளும் நிறங்களும் அப்படித்தான் ஏ4 தாளில் வந்து இறங்குகின்றன.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: வெறும் எழுத்தாக ஒட்டு. வலது கிளிக்கில் வரும் தெரிவுகளில் 'டெக்ஸ்ட் ஒன்லி' என்பதை எடுக்கலாம். புதிய வேர்டில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். அதே விசைகள் லிப்ரே ஒஃபிஸில் 'எப்படி ஒட்டுவது' என்று கேட்கும் பெட்டியைத் திறக்கும். பழைய ஆட்கள் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி எடுப்பார்கள். மாணவரின் ஒப்படை, செய்தித் துணுக்கு போன்ற சாதாரண உரைநடைக்கு இந்த மருந்து போதும். ஆனால் இந்த ஊரில் மேசைக்கு வரும் கடுதாசிகள் எல்லாம் சாதாரண உரைநடை இல்லை. துடைப்பது ஒரு நொடி வேலை. எதைத் துடைக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது.

முதல் சோதனை பாமினி. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழ் எழுதுவதற்கு நீண்ட காலம் அந்த எழுத்துருதான் கைகொடுத்தது. யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 அதைத் திரையில் காட்டவும் தொடங்கியது. ஆனாலும் எங்கள் அச்சுவேலை பாமினியை விட்டு நகர மேலும் பல ஆண்டுகள் எடுத்தன. ஊர் வரலாறு, பாடசாலை மலர், கோயில் வரலாறு என்று பழைய இணையப்பக்கங்களிலும் கோப்புகளிலும் அது இன்னும் கிடக்கிறது. பாமினியில் உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே இல்லை. 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. யூனிகோட் உரைக்கு எழுத்துரு ஒரு சட்டை. கழற்றி வேறொன்றைப் போடலாம். பாமினி உரைக்கு அது தோல்.

அத்தகைய பக்கத்தை வெறும் எழுத்தாக ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். மறுபடி பாமினியைப் பூசினால் சரியாகிவிடும் என்று தோன்றும். தமிழ் மட்டும் இருந்தால் சரியாகும். இடையே ஓர் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். எது உண்மையான ஆங்கிலம், எது தமிழுக்காக நின்ற ஆங்கில எழுத்து என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது எழுத்துருவின் பெயர் ஒன்றுதான். அதனால் நான் ஒட்டும்போது எதையும் கழற்றுவதில்லை. வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைக் கொண்டு தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் அப்படிப் பிடித்து, யூனிகோடுக்கு மாற்றிய பிறகே துடைக்கத் தொடங்குவேன். மாற்றும் கருவியையும் முழுதாக நம்ப முடியாது. பாமினியில் 'கோ' என்பதற்குக் கொம்பு முதலில் வரும், ககரம் பிறகு வரும். யூனிகோடில் ககரம்தான் முதலில். கருவி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். 'திருகோணமலை' சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தால் அந்தக் கருவியின் தரம் தெரிந்துவிடும். அந்த ஒரே சொல்லில் 'கோ'வும் இருக்கிறது, 'லை'யும் இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் கடல் சம்பந்தமான தாள்களும் வரும். மீனவர் சங்கத்துக்கு ஓர் அறிவித்தல், புவியியல் மாணவருக்கு ஒரு கரையோர வரைபடக் குறிப்பு. திருகோணமலை வட அகலக்கோடு 8° 34' ஐ ஒட்டி இருக்கிறது. இணையப்பக்கத்தை எழுதியவர் பாகைக் குறியை விசைப்பலகையில் தேடிப் பிடிக்க முடியாமல், ஒரு பூச்சியத்தை மேலே தூக்கி வைத்திருப்பார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மேலே தூக்கிய நிலை என்பதும் ஓர் அலங்காரம் என்றே வேர்ட் எண்ணுகிறது. வெறும் எழுத்தாக ஒட்டியதும் பூச்சியம் கீழே இறங்கி 8, 80 ஆகிவிடும். வடக்கே 80 பாகை என்றால் ஆர்க்டிக் பனிக்கடல். கிழக்கு நெடுங்கோடு 81, 810 ஆகும். அப்படி ஒரு கோடு உலகத்திலேயே இல்லை என்பதால் அதையாவது யாராவது கண்டுபிடிப்பார்கள். சதுர மீற்றருக்கு மேலே நிற்கும் 2, பத்தின் அடுக்குகள், அடிக்குறிப்பு எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இலக்கம் உள்ள தாள் என்றால், மேலே தூக்கிய எழுத்துகளை முதலில் தேடி அடையாளம் வைப்பேன்.

இங்கே ஒரே கடிதத்தில் தமிழும் சிங்களமும் அருகருகே நிற்பது வழக்கம்; ஆங்கிலமும் சேர்வதுண்டு. இணையத்திலிருந்து வரும் தமிழில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் சில ஒளிந்திருக்கும். அகலமே இல்லாத இணைப்பான், அகலமே இல்லாத பிரிப்பான் என்று இரண்டு. சில விசைப்பலகைகளும் தளங்களும் காரணமில்லாமல் இவற்றைச் சொல்லுக்குள் விட்டுவிடும். சொல் பார்வைக்குச் சரியாக இருக்கும், தேடினால் அகப்படாது. வேர்டின் தேடல் பெட்டியில் 'ஸ்பெஷல்' பட்டியலில் இரண்டுக்கும் இடம் உண்டு, ஒரே தட்டில் எல்லாவற்றையும் நீக்கிவிடலாம். தமிழுக்கு அது பெரும்பாலும் நன்மைதான். 'ரிக்ஷா' போன்ற சொல்லில் ககரமும் ஷகரமும் ஒட்டிக் கூட்டெழுத்தாகாமல் இருக்க வேண்டுமென்று பிரிப்பானை வேண்டுமென்றே போடுபவர்கள் உண்டு, அவ்வளவுதான் விதிவிலக்கு.

சிங்களத்தில் கதை வேறு. அந்த மொழியில் 'ஸ்ரீ' என்று எழுத, மெய்யொலிக் குறிக்கும் ரகரத்துக்கும் நடுவே அதே இணைப்பான் நிற்க வேண்டும். அது இருந்தால்தான் ரகரம் வளைந்து முதல் எழுத்தின் கீழே போய்ச் சேரும். 'வித்யாலய' என்பதில் யகரம் முந்திய எழுத்தோடு ஒட்டுவதற்கும் அதுவே வேண்டும். ஆகவே ஒரு பாடசாலைக் கடிதத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆவணம் முழுவதற்கும் அந்த நீக்கலைக் கொடுத்தால், நாட்டின் பெயரும் பாடசாலையின் பெயரும் ஒன்றாக உடைந்துபோகும். தமிழ் மட்டும் தெரிந்த கண்ணுக்கு உடைந்தது தெரியவும் தெரியாது. கடிதம் போய்ச் சேரும் அலுவலகத்தில் முதலில் அதுதான் தெரியும். நான் சிங்களப் பகுதியைத் தெரிவிலிருந்து ஒதுக்கிவிட்டுத் தமிழ்ப் பந்திகளில் மட்டும் இந்த வேலையைச் செய்வேன். முடிந்ததும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

தமிழ்ப் பந்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. அரச கடிதங்களில் தவறாமல் வரும் 'கௌரவ' என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்திருப்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கும், பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அவை இரண்டு வேறு சொற்கள்.

வரி முறிவு இன்னொரு இடம். இணையப் பக்கங்களில் ஒரே பந்திக்குள் வரியை உடைத்து உடைத்து வைத்திருப்பார்கள். வேர்டில் அது வளைந்த அம்புக்குறியாகத் தெரியும். உரைநடையில் அதை எடுத்துவிட்டு இடைவெளி வைப்பதுதான் முறை. ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் அந்த முறையைக் கைக்கொண்டால் மலர் பாழ். அதில் தேவாரம் இருக்கும், திருவாசகம் இருக்கும், மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் கோணமலையைப் பாடிய பதிகமும் எங்கள் ஊரில் பெரும்பாலும் இருக்கும். இன்று இவை எல்லாம் இணையத்திலிருந்தே வருகின்றன. பாட்டுக்கு வரி முறிவுதான் உருவம். அதை எடுத்தால் பதிகம் கட்டுரையாகிவிடும். மலரின் முதற்பக்கங்களில் வரும் திதி வெண்பாவில் இன்னும் நுணுக்கம் வேண்டும். நேரிசை வெண்பா என்றால் இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் ஒரு சிறு கோட்டுக்கோ இடைவெளிக்கோ அப்பால் நிற்கும். 'இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கு' என்ற வழக்கமான கட்டளை அதை விழுங்கிவிடும். இறந்த நாளின் திதியைச் சொல்லும் பாட்டு அது. வீட்டுக்காரர் வேறு எதை வாசிக்காவிட்டாலும் அதை வாசிப்பார்.

முறியாத இடைவெளியும் அப்படித்தான். மறைகுறிகளைத் திரையில் காட்டச் சொன்னால் சாதாரண இடைவெளி ஒரு புள்ளியாகவும், இது ஒரு சின்ன வளையமாகவும் தெரியும். இணைய உரையில் அது காரணமில்லாமல் கொட்டிக் கிடக்கும். தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே நீளமானவை. மூன்று சொற்கள் இப்படிப் பிணைந்துவிட்டால் மொத்தமாக அடுத்த வரிக்குத் தாவி, வலது ஓரத்தில் பெரிய வெற்றிடம் விடும். ஆனால் 'ரூ.' என்பதற்கும் தொகைக்கும் நடுவே, 'பி.ப.' என்பதற்கும் நேரத்துக்கும் நடுவே, முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே அது இருக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இந்த இடங்களில் திரும்ப வைப்பதே எனக்குச் சுலபமாகப் படுகிறது.

ஆகவே என் வேலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வைப்பேன். கொன்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தி மறைகுறிகளைத் திறந்துவிட்டு, கடைசி வரிவரை ஒருமுறை ஓடிப் பார்ப்பேன். பொருள் சுமக்கும் அலங்காரங்களை அடுத்து அடையாளப்படுத்துவேன். உதாரணத்துக்கு, தடித்த எழுத்தை மட்டும் தேடி, கிடைத்த சொல்லின் இரு பக்கமும் இரட்டைச் சதுரக் குறி போடச் சொன்னால், எல்லாவற்றையும் துடைத்த பிறகும் எது தடித்திருந்தது என்று தெரியும். மேலே தூக்கிய எழுத்துக்கு வேறு குறி. அட்டவணை என்றால் அது தகவலுக்கானதா, படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்காக மட்டும் போட்டதா என்று பார்ப்பேன். முதலாவது இருக்கட்டும், இரண்டாவதை எழுத்தாக மாற்றிவிடலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் துடைப்பு. அதன் பின் தலைப்பு, உபதலைப்பு, பந்தி எல்லாவற்றையும் கையால் பெருப்பிக்காமல் ஸ்டைல் வழியாகத் திருப்பிக் கட்டுவேன். வரி இடைவெளி ஒரே அளவில் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பேன். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாமல் 'ரீ'யின் தலையையும் 'கூ'வின் காலையும் வெட்டிவிடும்.

கடைசியாக நீலக் கோடுகள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் தெரிவுசெய்த பகுதியில் உள்ள இணைப்புகள் எல்லாம் அறுந்து வெறும் எழுத்தாகும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் செயற்றிட்டத்தோடு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, எடுத்த இடம் தெரியாத மாதிரிச் செய்யுங்க." சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிய செயற்றிட்டம் என்றால் மூன்று தளங்களிலிருந்து மூன்று விதமான எழுத்தில் ஒட்டியிருக்கும். உண்மையில் அந்த நிறங்களும் கோடுகளும்தான் இந்தப் பந்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி. நேர்த்தியாகத் துடைத்த பக்கம் அந்தப் பிள்ளையே எழுதியதுபோல நிற்கும். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு வேண்டாம். கோட்டை எடுப்பேன், முகவரியை எடுக்கமாட்டேன். அதையும் பார்த்த திகதியையும் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் போட்டுக் கொடுப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படிப் போட்ட பக்கத்துக்குத்தான் ஆசிரியர் புள்ளி போடுவார் என்று சொன்னால் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

புதிதாக அடிக்கிற பக்கத்தைவிட நேராக்குகிற பக்கத்துக்கு ஏன் கூடக் காசு என்று அடிக்கடி கேட்கிறார்கள். எழுத்து எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே, துடைக்கிறதுதானே வேலை என்பது அவர்கள் கணக்கு. துடைப்பது இனாம், வாசிப்பதற்குத்தான் காசு என்பேன். எந்தப் பூச்சியம் பாகை, எந்த அரைப்புள்ளி தமிழ், எந்த வரி பாட்டு என்று வாசிக்காமல் தெரியாது. அதைச் செய்யும் பொத்தான் இதுவரை எந்த விசைப்பலகையிலும் வரவில்லை.