கசிவும் ஒரு சாட்சி

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு எதற்கு அஞ்ச வேண்டும் என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. வானத்தின் நிறம் மாறினால் அஞ்ச வேண்டும். நீரோட்டம் முறை தவறினால் அஞ்ச வேண்டும். ஓயாத காற்று திடீரென ஓய்ந்தால் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், தூத்தூர் வட்டாரக் கிராமங்களுக்கு அந்த அச்சத்தை ஆறாத வடுவாகவே எழுதிவிட்டுப் போனது. ஆயினும் கடலிலிருந்து வராமல், நம் படகின் வயிற்றிலிருந்தே எழும் ஆபத்து ஒன்று உண்டு. அதற்கு ஓசையில்லை, நிறமில்லை, மணமுமில்லை. அந்த ஆபத்தைப் பற்றியும், அதை வெளியே தள்ளிக் காத்துவரும் ஒரு சிறிய இரும்பு முழங்கையைப் பற்றியும் இங்கே சில சொற்கள் எழுத விழைகிறோம்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்களுக்கு அது இனப்பெருக்கக் காலம். படகுகளுக்கோ அது மருத்துவமனைக் காலம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அந்நாள்களில் வலை பின்னும் பேச்சைவிடச் சுத்தியல் ஓசையே மிகுதியாகக் கேட்கும். உடன்பிறந்தார் மூவர் பங்கு சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் ஆழ்கடல் படகும் அப்படியொரு தடைக்காலத்தில் பழுதுபார்க்கக் காத்து நின்றது. அதன் இன்ஜின் தொண்ணூறுகளில் செய்யப்பட்டது, ஆறு சிலிண்டர், லாரிக்கென்று பிறந்து, பின்னர் கடலுக்கென்று மாற்றியமைக்கப்பட்டது. முதிய இன்ஜின்தான், ஆனால் சோம்பேறி அன்று.

டீசல் இன்ஜினுக்குள் எரிந்து முடிந்த புகை, முழுச்சுமையில் ஓடும்போது 400 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தோடு வெளியேறும். நம் விசைப்படகுகள் பலவற்றில் அந்தப் புகை உலர்ந்த குழாய் வழியே நேரே மேலே போய்விடும். எங்கள் படகில் இருப்பதோ வேறு ஏற்பாடு. கடலிலிருந்து பம்பு இழுக்கும் உப்புநீர், இன்ஜினைச் சுற்றி ஓடும் நன்னீரின் வெப்பத்தை முதலில் வாங்கிக்கொள்கிறது. பிறகு அதே உப்புநீர் புகைக்குழாயின் வளைவில் பாய்ந்து புகையோடு கலக்கிறது. கொதிக்கும் புகை அங்கே ஒரு நொடியில் தணிந்து, சாதாரண ரப்பர் குழாய் தாங்கும் அளவுக்குக் குளிர்ந்து, நீரோடு சேர்ந்து படகின் பின்புறம் வெளியேறுகிறது. நெருப்பும் நீரும் சந்திக்கும் அந்த வளைவைத்தான் மெக்கானிக்குகள் ‘எல்போ’ என்கிறார்கள். நம் மொழியில் சொன்னால் முழங்கை.

இந்த முழங்கை முதலில் மேல்நோக்கி எழுந்து, பிறகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். வளைவின் உச்சியைத் தாண்டிய பிறகே அதற்குள் நீரை விடுவார்கள். இன்ஜின் நின்ற பின் எஞ்சிய நீர் திரும்பி சிலிண்டருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அமைந்த வடிவம் இது. நீர் சுற்றி வர இரட்டைச் சுவர் கொண்டவையும் இவற்றுள் உண்டு, எங்களுடையது அவ்வகை.

இத்தனை வேலையையும் செய்யும் அந்த உறுப்பு, படகிலேயே கொடுமையான இடத்தில் வாழ்கிறது. ஒரு பக்கம் தீயின் சூடு. மறுபக்கம் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைச் சுமந்த கடல்நீர். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, நீரோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டிருப்பது ஒரு நன்மை. ஆனால் உப்பைக் குறைக்க எந்த அரசாணையும் இல்லை. ஆகவே, இந்த முழங்கை என்றோ ஒருநாள் தோற்றே தீரும். அது தோற்கும் விதத்தில்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இருக்கிறது.

வார்ப்பிரும்பு உப்புநீரில் கெடும்போது, சில வேளைகளில் உருக்குலைவதே இல்லை. இரும்பு மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து போகும். அதனுள் கலந்திருந்த கரி, பழைய வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் முழுப் பொருள். தொட்டால் கத்தி முனைக்கும் தாங்காத மண். மேலே பூசிய வண்ணம்கூட உரியாமல் இருக்கலாம். இரட்டைச் சுவரில் உட்சுவர் முதலில் ஓட்டையானால், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நீர் ஓசையின்றி இன்ஜினை நோக்கி வழியும், வால்வுகள் துருப்பிடிக்கும், சிலிண்டரில் தேங்கிய நீரை அழுத்த முடியாமல், இயக்கிய கணத்திலேயே இன்ஜின் உடையவும் கூடும். வெளிச்சுவர் முதலில் விட்டுக்கொடுத்தால் மட்டுமே நமக்கு அடையாளம் கிடைக்கிறது.

எங்களுக்கு அந்த அடையாளம் கிடைத்தது. தடைக்காலத்திற்கு முந்திய பயணத்தின் கடைசி நாள்களில், முழங்கை இன்ஜினோடு பொருந்தும் விளிம்பில் கரிய புகைக்கோடு ஒன்றும், அதன் கீழே உப்புப் பூத்த வெள்ளைத் தடம் ஒன்றும் தெரிந்தன. அதே நாள்களில், இன்ஜின் அறைக்கு மேலுள்ள சிற்றறையில் உறங்கும் சமையற்காரப் பையன் காலையில் தலைவலியோடு எழுந்தான். மேல்தளத்துக் காற்றில் ஒரு நாழிகை அமர்ந்தால் தெளிந்தான். எங்கள் ஸ்ராங்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அன்றிரவே எல்லாருடைய படுக்கையும் மேல்தளத்திற்கு மாறியது. இன்ஜின் அறையின் காற்றுவழிகள் திறந்துவைக்கப்பட்டன. படகு கரை நோக்கித் திரும்பியது.

கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவைப் பற்றி அவர் பள்ளியில் படித்ததில்லை. ஆனால் மூடிய அறையில் புகை கசிந்தால் தூங்குபவன் விழிக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அந்த வாயு நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் அதைக் குறைவாகவே வெளியிடும் என்பது உண்மை. பன்னிரண்டு பேர் வாரக்கணக்கில் உண்டு உறங்கும் ஒரு சிறு மரவீட்டிற்குள் அந்தக் ‘குறைவு’ போதுமானதாகிவிடும் என்பதும் உண்மையே.

கரை சேர்ந்ததும் வாதம் தொடங்கியது. தடைக்காலத்தில் வருமானம் இல்லை. செலவோ வரிசையில் நிற்கிறது. “அண்ணே, மேலே நாலு வெல்டு வச்சு, பூச்சும் பூசிட்டா இந்த வருஷம் ஓடிரும்” என்றார் பட்டறைக்காரர் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; ஏழைகளின் செலவைக் குறைக்கவே சொன்னார். எங்கள் இன்ஜினை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் முதிய மெக்கானிக் தலையை ஆட்டி மறுத்தார். “மக்களே, ஒழுகுற வாயை அடைச்சா அது பேசாது. உள்ளே அழுகுறது மட்டும் நிக்காது” என்றார். அந்த ஒரு சொல்லில் வாதம் முடிந்தது. புதிய முழங்கையின் விலை, ஒரு பயணத்திற்கு நாங்கள் ஏற்றும் ஐஸ் கட்டிகளின் விலையைத் தாண்டவில்லை.

கழற்றும் வேலை மூன்று நாள் பிடித்தது. முதல் இரு நாளும் கழற்றவே இல்லை. கடல்நீர் வரும் வால்வை மூடி, குழாய்களை விலக்கிவிட்டு, நான்கு நட்டுகளுக்கும் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். இளைஞர்களுக்கு அது வீண் பொழுதாகத் தோன்றியது. மூன்றாம் நாள் மெக்கானிக், தரைத்தட்டின் அடியில் தேங்கிய டீசலைத் துடைத்தெடுக்கச் செய்து, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்த பின்னரே வெப்பச்சுடரைக் கையில் எடுத்தார். நட்டைச் சூடாக்கி, முதலில் சற்றே இறுக்கினார்; பிறகே தளர்த்தினார். பல ஆண்டுப் பிடிவாதத்தை ஒரேயடியாக இழுத்தால் முறியும், சிறிது விட்டுக்கொடுத்து அசைத்தால் இளகும் என்று அவர் கைகள் அறிந்திருந்தன. மூன்று நட்டுகள் வந்தன. நான்காவது ஸ்டட்டோடு முறிந்தது. முறிந்த முனையின் மேல் ஒரு புதிய நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூடு ஆறுமுன் மெல்லத் திருகி, அடிக்கட்டையையும் வெளியே எடுத்தார்.

கழற்றிய முழங்கையை நெடுக்காக அறுத்துப் பார்த்தோம். புகை செல்லும் வழி கரியும் உப்பும் இறுகிப் பாதியாகக் குறுகியிருந்தது. கடந்த சில மாதங்களாக இன்ஜின் கரும்புகை கக்கி மூச்சுத் திணறியதன் பொருள் அங்கே விளங்கியது. உட்சுவரில் மெக்கானிக் சாவிமுனையால் அழுத்தினார். அது உள்ளே இறங்கியது. வெளியே தெரிந்த கசிவு ஊசித்துளை அளவு. உள்ளே நடந்திருந்ததோ பேரழிவு. இன்னும் ஒரு பயணம் போயிருந்தால் உட்சுவர் முழுதும் விட்டிருக்கும் என்றார் அவர். அந்த ஊசித்துளை இல்லாதிருந்தால் நாங்கள் அந்தப் பயணத்திற்குப் போயிருப்போம்.

புதியதை 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில், ஆர்கான் வெல்டிங்கில் செய்வித்தோம். இரு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி எழாததைக் கண்ட பிறகே அது படகேறியது. பொருத்துமுன் இன்ஜினின் புகைவாயில் துணியால் அடைக்கப்பட்டது. சுரண்டும் துருவில் ஒரு துணுக்கும் உள்ளே விழலாகாது. எத்தனை துணி உள்ளே போயிற்று என்று ஓர் இளைஞன் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தான். எடுத்தபோது எண்ணிச் சரிபார்த்தான். முன்னாளில் கல்நார் கேஸ்கெட் வைப்பார்கள். இப்போது அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு என்று அறிந்துவிட்டதால், எஃகுத் தகட்டோடு கிராஃபைட் சேர்ந்த கேஸ்கெட் வைத்தோம். நட்டுகளை ஒன்றையடுத்து ஒன்றாக முழுதும் முறுக்காமல், எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினோம். ரப்பர் குழாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப்புகள் போட்டோம்.

நீர் வால்வைத் திறந்து இன்ஜினை இயக்கினோம். சூடேறுமுன் விளிம்பைச் சுற்றிச் சோப்புநீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழியும் இல்லை. பின்புறத்தில் நீர் விட்டு விட்டுத் துப்பும் அந்தப் பழகிய ஓசை கேட்டது. அரைமணி ஓடவிட்டு, ஆறவைத்து, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினோம். சிற்றறைச் சுவரில் கார்பன் மோனாக்சைடைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு மின்கருவியையும் மாட்டினோம். ஆகஸ்டு பிறந்ததும் படகு புறப்பட்டது. பையன் தன் பழைய இடத்திலேயே உறங்கினான், தலைவலியின்றி எழுந்தான்.

புதிய எஃகும் நிலையானது அன்று. அதன் வெல்டு இணைப்புகளைத்தான் உப்பு முதலில் தேடும் என்று மெக்கானிக் எச்சரித்திருக்கிறார். அதனால் இப்போது ஒவ்வொரு தடைக்காலத்திலும் அதைக் கழற்றி உள்ளே பார்ப்பது எங்கள் படகின் வழக்கமாயிற்று. அறுத்த பழைய முழங்கையின் இரு பாதிகளும் வலைக்கூடத்தில் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு அதுவே முதல் பாடம்.

கசிவைக் கண்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. தரையை அழுக்காக்குகிறது, செலவு வைக்கிறது, புறப்பாட்டைத் தாமதிக்கச் செய்கிறது. எனவே முதலில் தோன்றும் எண்ணம் அதை அடைப்பதே. உடலில் வலியையும், வீட்டில் ஒருவருடைய முணுமுணுப்பையும், ஊரில் ஓர் எளியவனின் முறையீட்டையும் நாம் அவ்வாறே அடைக்க முயல்வதில்லையா? ஆனால் கெட்டுப்போவது கசிவினால் அன்று; கெட்டுப்போனதைச் சொல்ல வந்ததே கசிவு. வடிவம் குலையாமல், வண்ணம் உரியாமல், ஓசையின்றி உள்ளே கரைந்துகொண்டிருப்பதற்கே நாம் அஞ்ச வேண்டும். விளிம்பில் வெள்ளைத் தடமாக வெளிவந்து நிற்பது நம் பக்கத்துச் சாட்சி. அதன் வாயை அடைக்குமுன், அது என்ன சொல்கிறது என்று ஒருமுறை குனிந்து கேட்போம்.