சமன் தேவாலயத் தெருவில் ஓர் இரவு

கண்டிப் பெரஹராவை நேரிற் காணாதவரும் படத்திலேனும் கண்டிருப்பர். இரத்தினபுரிச் சமன் தேவாலயப் பெரஹராவோ தமிழ் வாசகரிடையே அத்துணைப் பெயர் பெற்றதன்று. சப்ரகமுவவுக்கு ஆசிரியப் பணியேற்று வந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே நானும் அதனைக் கண்டேன். அறியாமையால் அன்று, அறிந்தும் போகாதிருந்தேன். வலிகாமத்திற் பிறந்து போர்க்காலத்தில் வளர்ந்த ஒருவனுக்கு, தென்னிலங்கைத் தெருவொன்றில் இராப்பொழுதிற் பெருங்கூட்டத்தின் நடுவே நிற்பது எளிதில் மனம் ஒப்பும் காரியமன்று.

என்னை அழைத்தவர் என் மாணவன் ஒருவனுடைய பாட்டியார். றப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்பவர். எழுபது வயதைக் கடந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய குடும்பத்தில் வந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமையனார் குடும்பம் தமிழகத்துக்குக் கப்பலேறிற்று. இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

"சின்னப் புள்ளையில வருசா வருசம் போவோம் மாஸ்டர். சோறு கட்டிக்கிட்டு எல்லா லயமும் எறங்கும். ஆனை கடைசியா போற வரைக்கும் ரோட்டோரத்துலதான் படுத்துக் கெடப்போம்" என்றார். இறுதியாகச் சென்றது 1980இல் என்பதும் அவருக்கு நன்கு நினைவிருந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன; 1983 ஜூலையில் மீண்டும். அதன்பின் அவர் அத்தெருவில் இறங்கவில்லை. "ஒரு தரம் பாத்துடணும். பேரன் மட்டும் வந்தா பயமா இருக்கு. நீங்களும் கூட வந்தா தைரியம்" என்றார். என் தைரியத்தின் அளவை அவர் அறியார்.

தேவாலயம் நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பாணந்துறை செல்லும் வீதியில் உள்ளது. சமன், சிவனொளிபாதமலையின் காவற் றெய்வம், வெள்ளானை வாகனத்தோன். இவனை இராமாயணத்து இலக்குவனே என்று கொள்வோரும் சிங்கள மக்களிடையே உளர். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் இக்கோயிலை அழித்து அவ்விடத்தே தம் மதக் கோயிலை எழுப்பினர். அக்காலத்துக் கல்லொன்று இன்றும் அங்கே இருக்கிறது: போர்த்துக்கீசியப் போர்வீரன் ஒருவன் வீழ்ந்துகிடக்கும் சிங்கள வீரனை வாளோங்கி மிதித்து நிற்கிறான். தம் தோல்வியைப் பொறித்த கல்லை உடைத்தெறியாமல் வைத்திருக்கிறார்களே என்று நான் நெடுநேரம் அதன் முன் நின்றேன்.

பாட்டியார் கல்லைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உள்ள பத்தினி தெய்வத்தின் சந்நிதிக்கு நேரே சென்றுவிட்டார். சிங்களவர் பத்தினி என வணங்குவது நம் கண்ணகியையே. சிலப்பதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் நான், அவளது சந்நிதி என் வீட்டிலிருந்து பேருந்திற் போகும் தூரத்தில் இருக்க, மூன்றாண்டுகள் எட்டிப் பாராதிருந்தேன். எழுத்தறியாத அம்மூதாட்டி வெற்றிலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, பழகிய வீட்டிலிருந்து வெளியேறுபவர் போல நடந்து வந்தார்.

இருள் சூழ்ந்ததும் சாலையோரத்தில் இடம் பிடித்தோம். பாய் விரித்த குடும்பங்கள், கடலை விற்போர், தந்தையின் தோளிலேறிய குழந்தைகள். நல்லூர்த் தேர்த்திருவிழாவின் முதல்நாளிரவு நினைவுக்கு வந்தது. பெரஹரா புறப்படும்பொழுது முன்னே சாட்டையடிப்போர் வருவர் என நூல்களிற் படித்திருந்தேன். படித்ததனாற் பயன் யாது? முதற் சாட்டை வெடித்த கணத்தில் என் உடல் தானாகவே குனிந்து, கைகள் தலையை மூடிக்கொண்டன. சிறுவயதிற் பதுங்குகுழியிற் கற்ற பாடத்தை உடல் மறப்பதில்லை போலும். பக்கத்துப் பாயிலிருந்த சிங்கள அம்மையார் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் ஒன்றும் வினவாமல், சற்று ஒதுங்கி, தம் பாயில் இடம் காட்டினார்.

என் சிங்களம் கடைத்தெருவுக்கு மட்டுமே போதுமானது. பாட்டியாரோ தங்குதடையின்றிப் பேசினார், பேரனும் அவ்வாறே. துணைக்கு வந்தவன் என்று எண்ணியிருந்த நான் மொழிபெயர்ப்புக்காக மாணவனின் முகத்தை நோக்கியிருந்தேன்.

பந்தங்களிற் கொப்பரை எரியும் மணம் முதலில் வந்தது. அடுத்து மேளங்கள். சப்ரகமுவ ஆடலுக்குரிய மேளம் 'தவுல'. பெயரைக் கேட்டதுமே தவில் என்று தமிழன் காது கூறும். நம் தவில்காரர் ஒரு கையிற் கோலும் மறு கை விரல்களிற் கூடும் அணிந்து வாசிப்பர். இவர்கள் ஒரு பக்கத்தைக் கோலாலும் மறுபக்கத்தை வெறுங்கையாலும் அடிக்கின்றனர். நாகசுரத்தின் தம்பி போன்ற 'ஹொரணேவ' என்னும் சிறு குழலும் உடன் ஒலிக்கிறது. தோட்டத்துக் காமன்கூத்தில் தப்படிக்கும் குடும்பத்துப் பிள்ளையாகிய என் மாணவன், கண்களை மூடிக்கொண்டு தொடையில் தாளத்தைப் பிடித்துவிட்டான். "சேர், இது ஏழு" என்று காதோடு கூறினான். அது ஏழோ எட்டோ, சரிபார்க்கும் ஞானம் எனக்கில்லை.

நடனக்காரர், கொடியேந்தியோர், நிலமே, விளக்கொளி மின்னும் போர்வையணிந்த யானைகள் எனப் பல நாழிகை ஓடின. நடுவே, எத்தோட்டம் என்று அவ்வம்மையார் பாட்டியாரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும், தமது தந்தையார் அத்தோட்டத்திற்கு அருகே கடை வைத்திருந்தார் என்றார். இருவரும் பழைய பெரஹராக்களைப் பற்றிப் பேசினர். எந்த யானை எந்த ஆண்டில் முரண்டு பிடித்தது என்பதுவரை. பின்னர் அவர் இயல்பாகவே, "இத்தனை காலமாக ஏன் வரவேயில்லை?" என்றார்.

இவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கிற்று. மாணவன் தாளம் போடுவதை நிறுத்தினான். பாட்டியார் யானையைப் பார்த்தவாறே, "முழங்கால் வலி" என்றார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்த் தம் பையிலிருந்து தொதல் துண்டொன்றை எடுத்து, இலையோடு பாட்டியாரின் கையில் வைத்தார்.

விடியற்பொழுதுக்கு முன் முச்சக்கர வண்டியொன்றிற் றோட்டம் திரும்பினோம். வளைவுகளிற் பாட்டியாரின் தலை என் தோளில் வந்து சாய்ந்தது, நல்ல உறக்கம். தொதலில் ஒரு பாதி அவர் முந்தானையில் முடிந்திருந்தது. முன்னிருக்கைக் கம்பியிற் பேரன் அந்த ஏழை விடாமற் றட்டிக்கொண்டே வந்தான்.