கரி தோண்டிய ஊரில் காற்றின் கணக்கு

மண்ணுக்கடியில் கல்லாய்க் கிடக்கும் கரி, அடுப்பிலும் ஆலையிலும் எரிந்து, கண்ணுக்குப் புலனாகாத கரியமில வாயுவாகி வானிற் கலக்கிறது. பெயரிலே ஒட்டியிருக்கும் அவ்வுறவைத் தன் வரலாற்றிலேயே தாங்கி நிற்கும் சிற்றூர் ஒன்று, வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நார்வே நாட்டுக்குரிய சுவால்பார்டு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த நீ-ஓலசுண்ட் என்பதே அவ்வூர்.

1916ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலக்கரி நிறுவனம் ஒன்றினால் உருவான ஊர் அது. சுரங்கத்தின் கொடுமையை அவ்வூர் நன்கறியும். 1962 நவம்பரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர் மாண்டனர். அவருள் சிலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. மறு ஆண்டில், அவ்விபத்தின் எதிரொலியாக நார்வே அரசே கவிழ்ந்தது, சுரங்கமும் மூடப்பெற்றது. பாழூராய்ப் போயிருக்க வேண்டிய அவ்விடம் ஆய்வாளர் வாழும் ஊராயிற்று. இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே இயங்குகின்றன. இந்தியாவும் 2008இல் ‘இமாத்ரி’ நிலையத்தை அங்கே திறந்தது.

குளிர்காலத்தில் அங்குத் தங்குவோர் ஒரு சிலரே. அக்டோபர் இறுதியில் மறையும் கதிரவன் மீண்டும் முகங்காட்டப் பிப்ரவரித் திங்களின் நடுப்பகுதி கடந்தாக வேண்டும். அந்நெடிய இருளிலும் நாள்முறை தவறுவதில்லை. அனைவரும் ஒரே உணவுக்கூடத்தில் கூடி உண்கின்றனர். வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிடுகின்றனர். கரித்தூள் உள்ளே வராதிருக்கச் சுரங்கத் தொழிலாளர் கைக்கொண்ட வழக்கம் அது. கரி போயிற்று, வழக்கம் நிலைத்தது. கதவுகள் பூட்டப்படுவதில்லை. பனிக்கரடி எதிர்ப்படின் எவரும் எந்தக் கட்டடத்திலும் புகுந்து உயிர் காத்துக்கொள்ளலாம் அன்றோ? ஊரெல்லையைக் கடப்போர் துப்பாக்கி ஏந்தியே செல்வர்.

நாள்தோறும் நண்பகலை ஒட்டி, செருமானிய-பிரெஞ்சு நிலையத்தார் பலூன் ஒன்றைப் பறக்கவிடுகின்றனர். அதனுடன் செல்லும் சிறு கருவி, வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றின் போக்கையும் அளந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம்வரை செய்தி அனுப்புகிறது. ஊருக்கு மேலே, செப்பலின் மலையில், 475 மீட்டர் அளவு உயரத்தில் காற்றாய்வுக்கூடம் ஒன்றுண்டு. கம்பிவட ஊர்தியில் அங்கு ஏறிச் செல்லும் பணியாளர் கருவிகளைச் சரிபார்க்கின்றனர்; வடிதாள்களை மாற்றுகின்றனர். காற்றைக் குடுவையில் அடைக்கையில், தம் மூச்சும் அதனுட் கலவாதவாறு விழிப்பாயிருத்தல் வேண்டும். மனிதன் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு, வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அன்றோ! டீசலை நம்பி வாழும் ஊரின் புகை எட்டலாகாதென்றே கூடமும் மலைமீது அமைந்தது. கணக்கெழுதுவோரும் அக்கணக்கில் கடன்பட்டவரே.

அம்மலைக்கு வந்துசேரும் காற்று பொய் சொல்வதில்லை. 2006ஆம் ஆண்டு இளவேனிலில் கிழக்கு ஐரோப்பிய உழவர் தம் வயல்களில் மூட்டிய தீயின் புகை, கடல் கடந்து அக்கூடத்தை வந்தடைந்தது. அதுவரை அங்கே காணாத அளவுக்கு மாசு பதிவாயிற்று. வைக்கோலுக்குத் தீயிட்டவர் எவரும் பனிநாட்டை எண்ணியிருக்க மாட்டார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2012 இளவேனிலில் அங்கே 400 பங்கைக் கடந்தது. ஒருநாள் அளந்து அறிந்த உண்மையன்று இது. 1989ஆம் ஆண்டுமுதல் சலியாது எழுதப்பட்ட கணக்கின் பயன்.

இன்றைய காற்றை நாளை அளத்தல் இயலாது. ஏட்டில் ஒரு நாள் விடுபட்டால் அது விடுபட்டதே. ஆகவேதான், பாராட்டுவார் எவருமின்றி, இருளிலும் பனிப்புயலிலும் அப்பணியாளர் மலையேறுகின்றனர். அவர்கள் காலடியில், மூடிய சுரங்கத்தினுள், வீடு திரும்பாத தொழிலாளர் துயில்கின்றனர். அன்று அவர்கள் தோண்டியெடுத்த கரி என்றோ எரிந்து முடிந்தது. அதன் கணக்கோ இன்னும் முடியவில்லை.