உத்தர்பாடாவில் நின்ற வண்டி

கல்கத்தாவில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு லேக் மார்க்கெட்டும் ராஷ்பிஹாரி அவென்யூவும் எவ்வளவு பழக்கமானவையோ, அவ்வளவு பழக்கமானது அம்பாசடர் மோட்டார் வண்டி. மஞ்சள் டாக்சியாக அதில் ஏறி ஹௌரா நிலையத்துக்குப் போகாதவர் நம்முள் அரியர். ஆயினும் அவ்வண்டி பிறந்த இடம் கங்கையின் மறுகரையில், நம் நகரத்தின் அருகிலேயே இருக்கிறதென்பதை எண்ணி அங்கே சென்று பார்த்தவர் சிலரே. இவ்வாண்டு பொங்கல் கழிந்த ஞாயிறன்று நாம் குடும்பத்தோடு அதற்கெனப் புறப்பட்டோம். எண்ணியபடி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததையே எழுதுகிறோம்.

நம் மாமனார் 1989-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் ஒன்று இன்னும் அவர் வீட்டு வாயிலில் நிற்கிறது. விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் அவர் செவி கேளாதவராகி விடுவார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. "மாப்பிள்ளை, இதை ஒருமுறை பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்" என்றார். பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் சொன்னது கேட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பிறந்த வீட்டின் வரலாறு சிறிது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பெற்று, 1948-இல் உத்தர்பாடாவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு 1957 முதல் இங்கே அம்பாசடர் உருவாயிற்று. 2014 மே மாதத்தில் ஆலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2017-இல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவுக்கு விற்கப்பட்டது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மைத்துனன் வண்டியை ஓட்டினான். இரயில்வேயில் குமாஸ்தாவாகிய நமக்கு இரயிலின் நேரம் தெரியும். மோட்டார் ஓட்டத் தெரியாது. சௌரங்கி, சித்தரஞ்சன் அவென்யூ, சியாம்பஜார் ஐந்துமுனை, பி.டி. ரோடு என்று வண்டி குறைவின்றி ஓடியது. தட்சிணேஸ்வரத்தில் காளியைத் தரிசித்துவிட்டு வெளிவந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. விவேகானந்த சேதுவின் முகப்பை அடையவே அரைமணி நேரம் ஊர்ந்தோம். ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்காற்று ஏது? பாலத்தின்மேல் செல்லும்போது வெப்பம் காட்டும் முள் மெல்ல மேலேறியதை மைத்துனன் கண்டான், கண்டும் சொல்லவில்லை. பாலிக் கால்வாயைத் தாண்டி, ஜி.டி. ரோட்டில் ஜெயகிருஷ்ணா நூல்நிலையத்தின் அருகே வந்ததும் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகைபோல் ஆவி கிளம்பிற்று. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தோம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதங்களாகவே அவ்வண்டியின் அடியில் காலைதோறும் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருந்து வந்தது. கல்கத்தாவில் வண்டி வைத்திருப்போர் வீடுகளில் நடப்பதுபோல, விடியற்காலையில் ஓர் ஆள் வாளித் தண்ணீரோடு வந்து வண்டியைக் கழுவிவிட்டுப் போவார். அந்த நீர்தான் தேங்கியிருக்கிறது என்று வீட்டிலுள்ள அனைவரும் கருதினோம். ரேடியேட்டரில் நீர் குறைவதையும் பழைய வண்டியின் இயல்பு என்று கருதி, மைத்துனன் வாரம் ஒரு செம்பு குழாய்த்தண்ணீர் ஊற்றி வந்தான். கழுவிய நீர் கசிந்த நீரை மறைத்துவிட்டது.

ஆவி அடங்குமுன்பே மைத்துனன் துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். அப்பொழுது எதிரே தேநீர்க்கடையிலிருந்து ஒரு குரல், "தாதா! கை வைக்காதீர்கள்!" என்று வங்காளியில் கூவிற்று. கடைக்காரர் ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கலாம். அவருடைய வலக்கை முழங்கைவரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அது எப்படி நேர்ந்தது என்று அவரே பின்னர் சொன்னார். இளமையில் இதே பிழையைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

இதில் அடங்கிய செய்தி நம் சமையலறைக்கும் உரியது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. குக்கரின் வெயிட்டைப்போல் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால், உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 111 டிகிரி வரை பொறுத்திருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்குகிறது. அவ்வளவு நேரம் அடங்கியிருந்த நீர் ஒருசேரப் பொங்கி முகத்திலும் மார்பிலும் அடிக்கிறது. துண்டு என்ன செய்யும்? விசில் அடங்காத குக்கரைத் திறக்கக் கூடாதென்று அறிந்த நம் இல்லத்தரசியர் எவரும் இப்பிழையைச் செய்யமாட்டார்கள்.

"முக்கால் மணி நேரமாவது ஆகட்டும், மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும்" என்றார் கடைக்காரர். மாமியாருக்கு ஒரு நாற்காலி போட்டு, "மாசிமா, உட்காருங்கள்" என்று மண்கோப்பையில் தேநீரும் கொடுத்தார். வண்டியின் கீழே பழைய கூலண்டின் பசுமை கலந்த நீர் தேங்கியிருந்தது. தெருநாய் ஒன்று அதை முகர வந்தது. அவர் அதை விரட்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அவ்விடத்தைக் கழுவினார். கூலண்டிலுள்ள கிளைக்கால் இனிப்பாக இருக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் புட்டியை எட்டா உயரத்தில் வைப்பது நலம்.

பேச்சிடையே அவர் யாரென்று தெரிந்தது. முப்பதாண்டுக்கு மேல் அம்பாசடர் ஆலையில் வண்டி பூட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். ஆலை நின்றபின் தேநீர் விற்கிறார். "இது நாலாம் மார்க். நான் அங்கிருந்த காலத்து வண்டிதான்" என்று பானெட்டைத் தட்டினார். மாமனார் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று நமக்கு ஒரு யோசனை தோன்றிற்று. உத்தர்பாடா நிலையத்துக்கு அடுத்த நிலையமே ஹிந்த்மோட்டார். ஆலையின் பெயரே நிலையத்தின் பெயர். மாமனாரை ஒரு டோட்டோவில் ஏற்றி நிலையத்துக்குச் சென்று, ஐந்து ரூபாய்ச் சீட்டில் லோக்கல் இரயிலேறி அடுத்த நிலையத்தில் இறங்கினோம். மோட்டார் வரமுடியாத இடத்துக்கு இரயில் கொண்டு சேர்த்ததென்பதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு, அதை மறைக்கவில்லை. புதர் மண்டிய மதிலையும் ஓசையற்ற கூரைகளையும் மாமனார் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதைப் பார்க்க வண்டி வராததே நல்லது" என்று மட்டும் சொன்னார். அடுத்த இரயிலில் திரும்பினோம்.

மைத்துனன் இதற்குள் பணிவுள்ள மாணவனாகியிருந்தான். மூடியைத் திறந்தாயிற்று. கடைக்காரர் முதலில் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெய் பால்விட்ட காப்பிபோல் வெளுத்திருந்தால் எஞ்சினின் தலைக் கேஸ்கெட் போய், நீர் உள்ளே இறங்குகிறதென்று பொருளாம். நல்லவேளையாக எண்ணெய் கருமையாகவே இருந்தது. பிறகு வாட்டர் பம்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. கடைசியில் மேற்குழாயின் நுனியில், கிளிப் இறுக்குமிடத்தில் ரப்பர் வெடித்திருப்பதைக் கண்டார். அங்கே கசிந்த நீர் காய்ந்து பசும்பொருக்காகப் படிந்திருந்தது. வெடித்த ஓரங்குலத்தைக் கத்தியால் அறுத்தெறிந்து, எஞ்சிய குழாயை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை முறுக்கினார். குழாய் நீளமாக இருந்ததால் இது செல்லுபடியாயிற்று. ஆனால் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி இணைப்பிலும் அதே பொருக்கு இருந்தது. இரண்டு மாத ஈரத்துக்கு மூலகாரணம் அதுவே.

அச்சமயம் தேநீர் அருந்த வந்த டாக்சிக்காரர் ஒருவர், "ஒரு பிடி மஞ்சள்தூள் போடுங்கள், அடைத்துக்கொள்ளும்" என்றார். இந்த வைத்தியம் நாடெங்கும் ஓட்டுநரிடையே உண்டு. ஊசித்துளைக் கசிவை மஞ்சள் அடைப்பதும் உண்டாம். கடைக்காரர் இணங்கவில்லை. "துளையை அடைக்கும் பொருள், ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை மட்டும் அடைக்காமல் விடுமா? மஞ்சள் மீன்குழம்புக்கு" என்றார். நமக்கும் அதுவே சரியெனப்பட்டது.

ஆறிய எஞ்சினில் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, குழாயைப் பிசைந்து காற்றுக்குமிழிகளை வெளியேற்றினார். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். அதற்காகவும்தான் அந்தக் காத்திருப்பு. மூடியை முழுதும் இறுக்காமல் முதற்கட்டத்தோடு நிறுத்தினார்; அழுத்தம் ஏறாவிட்டால் கசிவு குறையும். ஆனால் நீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் மெல்லப் போய், இடையிடையே நின்று பார்க்க வேண்டுமென்று எச்சரித்தார். அவர் காசு வாங்க மறுத்தார். தேநீருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். டன்லப்பிலும் சியாம்பஜாரிலும் நின்று, ஆறவிட்டு, நீர் வார்த்து, மாலை நான்கு மணிக்கு வீடு சேர்ந்தோம்.

மறுவாரம் ரேடியேட்டர் மல்லிக் பஜாருக்குப் போயிற்று. பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோடும் கூடுமிடத்தில் உள்ள அவ்வங்காடியில் பழைய வண்டிக்கு வேண்டாத உறுப்பும் கிடைக்கும். அங்கே ஓர் உஸ்தாத் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். குமிழி வந்த இடங்கள் மூன்று. செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டராகையால் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். புதிய வண்டிகளில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். பெரும்பாலும் தூக்கியெறிந்து புதிது வாங்க வேண்டியதே. குழாய்கள் யாவும் மாற்றப்பட்டன. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து நிரப்பினார். உறைபனி இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கென்று நாம் கேட்டோம். துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதற்கும் என்றார்.

வேலை முடியும்வரை அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் உலாவினோம். 1873-இல் மறைந்த வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கே துயில்கிறார். அவர் தம் இறுதிக் காலத்தில் தங்கியிருந்தது உத்தர்பாடாவின் அந்த நூல்நிலையத்தில்தான். பின்னர் புதுச்சேரி வந்து நம்மவராகிவிட்ட அரவிந்தர் 1909 மே 30-இல் உத்தர்பாடாப் பேருரை நிகழ்த்தியதும் அங்கேயே. வண்டி நின்ற அன்று இவற்றை எண்ணிப் பார்க்க நமக்கு மனம் இருந்ததில்லை.

வண்டி கழுவும் ஆளிடம் மூன்று நாள் வரவேண்டாமென்று சொல்லி, இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். மூன்றாம் நாள் காலை மாமனாரே குனிந்து தாளை உருவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். நீர்க்கறை இல்லை. நடுவில் கருப்பாக ஒரே ஒரு எண்ணெய்ச் சொட்டு இருந்தது. "அது எப்போதும் உள்ளதுதான்" என்று தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.